சுடுதண்ணிப் பெட்டியை ஒன்பது மீட்டர் தள்ளி வைத்த கதை

திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தன் தாயாரின் அந்தியேட்டிக் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. ஏழும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இராது. எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போனால் இருபது நிமிடம். பூமியே விறகில்லாமல் தண்ணீர் சுட வைத்துத் தருகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு வாளி வெந்நீருக்காகக் காசையும் நித்திரையையும் தொலைத்தவன் நான்.

உப்புவெளியில், கடற்கரை வீதிக்கு உட்பக்கமாக எங்கள் வீடு. மூன்று அறைகளை விருந்தினருக்குக் கொடுக்கிறோம். மே தொடங்கி செப்டம்பர் வரை வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவர்களின் முதல் கேள்வி சுடுதண்ணி வருமா என்பதுதான். மழைக்காலத்தில் விருந்தினர் இல்லை, ஆனால் அம்மாவின் முழங்கால் இருக்கிறது. ஆகவே சில வருடங்களுக்கு முன் காஸில் எரிகிற ஒரு சுடுதண்ணிப் பெட்டி வாங்கி, பொதுக் குளியலறைக்குள்ளேயே மாட்டினோம். சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. குசினியில் சிலிண்டர். இரண்டு மீட்டர் ஹோஸ், அவ்வளவுதான். குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி பறக்கும், நீலமாக எரியும், தண்ணீர் சுடும்.

போன வருடம் பின்வளவுப் பக்கம் ஒரு அறைக்குத் தனிக் குளியலறை கட்டினோம். பெட்டியை இரண்டு குளியலறைக்கும் பொதுவாக, வெளிச்சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். அளந்தால் ஒன்பது மீட்டர்.

வந்த பிளம்பர் சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஒம்பது மீட்டர் ஹோஸ் வாங்கித் தாங்கோ அண்ணை. அரை நாள் வேலை." எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. தண்ணீர் ஹோஸை நீட்டித் தோட்டத்துக்கு இழுக்கிறோம், அது மாதிரித்தானே என்று நினைத்தேன். காஸ் குழாயைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அந்த வாரம் லண்டனிலிருந்து அத்தான் வீடியோ அழைப்பில் வந்தார். அவர்கள் வீட்டிலும் அதே நேரம் ஒரு நகர்த்தல். குசினிக்குள் இருந்த பொயிலரை மேல்மாடி அலுமாரி ஒன்றுக்குள் மாற்றுகிறார்கள். அங்கே வீட்டைச் சூடாக்குவதும் அதுதான், குளிக்கத் தண்ணீர் தருவதும் அதுதான். அத்தான் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். நிலப்பலகைகள் பெயர்ந்து கிடந்தன, அக்கா பிரிட்ஜைக் கூடத்தில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தா.

"பொயிலரைக் கழட்டி மாட்ட எடுத்ததைவிட பைப்புக்குத்தான், மச்சான், வேலைக்காரன் கூடக் காசு எடுக்கிறான்" என்று புலம்பினார். அந்த நாட்டில் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் இந்த வேலையைத் தொடலாம். 2009க்கு முன் அதற்கு 'கோர்கி' என்று பெயர். வந்தவர் முதலில் தன் அட்டையைக் காட்டியிருக்கிறார். அட்டையின் பின்பக்கம் அவர் எந்தெந்த வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்று இருக்குமாம். பிறகு காஸ் மீட்டரிலிருந்து பொயிலரின் புது இடம் வரை நாடா போட்டு அளந்து, ஒவ்வொரு மூலை வளைவையும் எண்ணி, பழைய 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் போதாது, முழுதும் 22 போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அத்தானுக்கு அது காசு பிடுங்குகிற கதையாகப் பட்டது. எனக்கோ வயிற்றில் ஏதோ புரண்டது. அங்கே ஒரு குழாயை நீட்ட இவ்வளவு கணக்கா? இங்கே நான் கடையில் ஹோஸை முழம் போட்டு வாங்கப் போகிறேன்.

அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். குழாயில் காஸ் ஓடும்போது அழுத்தம் குறைந்துகொண்டே போகும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த இழப்பும் இரண்டு மடங்கு. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது விட்டத்தின் விளையாட்டு: இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறாகப் போகிறது. 15 குழாயின் உள்விட்டம் சுமார் 13.6, 22 குழாயினுடையது சுமார் 20.2. ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள், இழப்பு ஏழில் ஒன்றாகிவிடும். மூலைகளுக்கும் கணக்கு உண்டு. ஒரு முழங்கை வளைவை அரை மீட்டர் நேர்க்குழாயாக எண்ணுவார்கள். லண்டனில் மீட்டரை விட்டு வரும் அழுத்தம் 21 மில்லிபார். பொயிலரை அடையும்போது அதில் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. அத்தானின் பைப்காரர் ஏமாற்றவில்லை.

என் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் 20 கிலோவாட் என்று இருந்தது. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஒன்று 3 கிலோவாட் அளவில்தான் இருக்கும். ஆறு ஏழு அடுப்பை ஒன்றாகப் பற்றவைத்தது போல ஒரு சாமானை நான் வைத்திருக்கிறேன். மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காஸ் குடிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் விடாமல் எரித்தால் எட்டு மணி நேரம். ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்த்தால், அது மணிக்கு 1.5 கிலோவுக்குத்தான் என்று பொறித்திருந்தது. அதாவது முதல் நாளிலிருந்தே அது மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நீண்ட நேரம் குளித்தால் சிலிண்டர் ஏன் வியர்த்துக் குளிர்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. உள்ளே இருக்கும் திரவம் காஸாக மாறுவதற்கான சூட்டைச் சிலிண்டரின் உடம்பிலிருந்துதான் எடுக்கிறது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிரும்.

ஒன்பது மீட்டர் ஹோஸ் யோசனையை அன்றிரவே கைவிட்டேன். ஆனால் அத்தான் சொன்னதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கவும் முடியாது என்று தெரிய இன்னும் சில நாள் ஆனது.

விளக்கியவர் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி. கத்தாரில் பதினொரு வருடம் குழாய் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். முதல் பிளம்பருக்கு நான் வேண்டாம் என்று சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். அது வேறு கதை. இந்தத் தம்பி வந்ததும் பெட்டியைப் பார்க்கவில்லை. வளவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கிணற்றுக்கட்டில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பக்கத்தில் சிலிண்டர் வைப்பதற்காக நான் சீமெந்து போட்டு மெழுகியிருந்த திட்டைப் பார்த்தார்.

"இதில சிலிண்டர் வைக்கப் போறீங்களா அண்ணன்?"

ஓம் என்றேன். நிழல், குசினிக்குப் பக்கம், தூக்கி வைக்க லேசு.

"ஒழுகினா காஸ் எங்க போகும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லண்டன் குழாயில் வருவது பெரும்பாலும் மீதேன். காற்றைவிட மிக லேசு, ஒழுகினால் மேலே போகும். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. ஒழுகினால் தண்ணீர் மாதிரித் தரையில் படியும், பள்ளம் தேடிப் போகும். நான் ஆசையாய் மெழுகிய திட்டுக்கு மூன்றடியில் இருபது அடி ஆழக் கிணறு. கிணற்றடியில் தண்ணீர் மோட்டார். மோட்டாரின் சுவிட்ச் போடும்போதெல்லாம் சின்னதாக ஒரு பொறி தெறிக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இந்தக் காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அத்தான் வீட்டில் காற்றுப்போக்கி உச்சியில் இருப்பதைப் பார்த்து, நானும் குசினியில் மேலே ஒரு துவாரம் விட வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். இங்கே அது தரையோடு தரையாக இருக்க வேண்டும். திட்டு இப்போது பூச்சாடி வைக்கிற இடம்.

குழாய் விஷயத்திலும் லண்டன் கணக்கு நம்முடையதல்ல. ஒரே கன அளவு காஸில் நம்முடையதற்குச் சூடு இரண்டரை மூன்று மடங்கு. ஆகவே ஒரே வேலைக்குக் குறைந்த அளவு காஸ்தான் ஓட வேண்டும். "இருபத்திரண்டு தேவையில்ல அண்ணன், பதினஞ்சு தாராளம். ஹோஸ் மட்டும் வேணாம்" என்றார் தம்பி. ஹோஸின் உள்விட்டம் எட்டு மில்லிமீட்டர்தான். அதே ஐந்தாம் அடுக்கு இங்கேயும் வேலை செய்கிறது. அதோடு எங்கள் வெயிலில் ரப்பர் ஒரு வருடத்தில் வெடிக்கத் தொடங்கிவிடும். அணிலும் கடிக்கும்.

அம்மாவுக்கு இந்த வேலை முழுதும் பிடிக்கவில்லை. அவவைக் குறை சொல்ல முடியாது. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாளுக்கு நாள் வந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்குள் புரொப்பேன் பங்கு கூடிவிட்டது என்ற பேச்சு அப்போது எங்கும். புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பழைய ரெகுலேட்டரும் ஹோஸும் அதைத் தாங்க வேண்டும். அந்தச் செய்திகளைப் பார்த்து அம்மா சிலிண்டரை முற்றத்தில் கொண்டுபோய் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, மூன்று நாள் விறகில் சமைத்தா. அதற்குப் பிறகு வந்தது தட்டுப்பாடு. 1,493 ரூபாய்க்கு வாங்கிய சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய் ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையில் வெறும் சிலிண்டர்களைக் கயிற்றால் கோத்து நிறுத்திவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். சிலிண்டர் என்றாலே அம்மாவுக்கு ஒன்றில் குண்டு, இல்லாவிட்டால் வரிசை.

ஆனால் ஆபத்து எங்கே இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தம்பி பழைய குளியலறைக்குள் போய் நின்று, கதவைச் சாத்தி, திறந்து, மேலே இருந்த கண்ணாடித் தட்டு யன்னலைப் பார்த்தார். "இதுக்குள்ளயா இவ்வளவு நாளும் எரிஞ்சது?"

இந்தக் காஸ் எரிய, அதன் கன அளவைப்போல் 24 முதல் 31 மடங்கு காற்று வேண்டும். என் பெட்டி மணிக்கு முக்கால் கனமீட்டர் அளவு காஸை எரிக்கிறது. அப்படியானால் மணிக்குச் சுமார் இருபது கனமீட்டர் காற்று. அந்தக் குளியலறையே பத்துக் கனமீட்டர்தான். அரை மணி நேரத்தில் அறை நிறையக் காற்றை அது விழுங்கும். காற்று குறைந்தால் சுவாலை சரியாக எரியாது, காபனோரொட்சைட்டு பிறக்கும். தமிழ்நாட்டு நண்பர்கள் கார்பன் மோனாக்சைடு என்று எழுதுவது இதைத்தான். சிலிண்டர் காஸுக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள், ஒழுகினால் அழுகின முட்டைக்கோவா மாதிரி மூக்கில் அடிக்கும். இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இதை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

முந்தின மார்கழியில் ஒரு நாள் அம்மா குளித்துவிட்டு வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. தலை சுற்றுது, சத்தி வாற மாதிரி இருக்கு என்றா. கதிரையில் இருத்தி, சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம். பிரஷர் குறைந்திருக்கும் என்றேன். குளிர் என்று யன்னல் தட்டுகளையும் நானேதான் அன்று காலை மூடிவிட்டிருந்தேன்.

அது காபனோரொட்சைட்டுத்தானா என்று இப்போது நிரூபிக்க வழியில்லை. ஆனால் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கதவுப்பிடியில் அம்மாவின் கை. அன்று மத்தியானமே பெட்டியைக் கழற்றினோம். புது இடம் ஆயத்தமாகும் வரை அம்மாவுக்கு விறகடுப்பில் கிடாரம்.

எந்தச் சுவர் என்பதில் அடுத்த பிரச்சினை. கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும், வந்தால் அடுப்புச் சுவாலையையே குசினிக்குள் வந்து அணைக்கும். வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். மிச்சம் தெற்குச் சுவர். தாழ்வாரத்தின் கீழ், யன்னல்களை விட்டுத் தள்ளி. எரிந்த புகை திரும்ப ஒரு அறைக்குள் நுழையக் கூடாது என்பதற்காக தம்பி ஒவ்வொரு யன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தார். இதனால் ஒன்பது மீட்டர் பதினொன்றானது. நான் வாய் திறக்கவில்லை.

குழாய் போட்ட வேலையில் இரண்டு இடம் மட்டும் சொல்கிறேன், மிச்சம் எல்லாம் வழமையான வேலை.

ஒன்று, சுவரைத் துளைத்த இடம். எங்கள் சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். செம்பை நேரே சீமெந்துக்குள் புதைத்தால் காலப்போக்கில் அரிக்கும். ஒழுகினால் காஸ் அந்தப் பொள்ளல்களுக்குள் நிரம்பிவிடும், யாருக்கும் தெரியாது. தம்பி முதலில் ஒரு பி.வி.சி. துண்டைச் சுவருக்குக் குறுக்கே செருகினார். அதற்குள்ளால் செம்புக் குழாய். உட்பக்க வாயை அடைத்தார், வெளிப்பக்க வாயைத் திறந்தே விட்டார். ஒழுகினாலும் வெளியேதான் போகும்.

மற்றது, மூட்டுகள். முதல் பிளம்பர் போகும் முன் பழைய பித்தளை மூட்டு ஒன்றின் புரியில் வெள்ளை டேப்பை இருபது சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டுப் போயிருந்தார். நல்லாத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். தம்பி அதைக் கழற்றி டேப்பை நகத்தால் உரித்து எறிந்தார். நட்டுக்குள் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கிறது. நட்டு இறுகும்போது அந்த வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்வும். காஸை நிறுத்துவது அந்தக் கவ்வல்தான், புரி அல்ல. புரியில் டேப்பைத் திணித்தால் நட்டு இறுகிவிட்டது போலக் கைக்குத் தெரியும், வளையம் கவ்வியிருக்காது. வெள்ளை டேப் தண்ணீர்க் குழாய்க்கு. புரியே அடைக்க வேண்டிய மூட்டுகளுக்குத் தம்பி பையிலிருந்து எடுத்தது தடித்த மஞ்சள் டேப்.

பிறகு அவர் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் நேராக எழுதினது போல வளைத்துக் கட்டினார். நடுவில் என் மகளின் முப்பது சென்ரிமீட்டர் அடிமட்டம். குழாயில் தண்ணீர் ஊற்றி, அதில் நீல மைத் துளி ஒன்று. ஒரு முனையை லைனில் மாட்டி, சிலிண்டரைத் திறந்தார். ஒரு பக்கம் நீலத் தண்ணீர் கீழே இறங்க, மறுபக்கம் ஏறியது. வித்தியாசம் முப்பது சென்ரிமீட்டர். அதாவது சுமார் 30 மில்லிபார். அடிமட்டத்தின் அளவுக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்துகிற அழுத்தம்தான் வீட்டுக் காஸ் லைன் முழுதும். இவ்வளவு மெல்லியதா என்று எனக்கு வியப்பு. ஹோஸ் வழியில் அதில் கால் பங்குக்கு மேல் போய்விடும் என்பதையும் காட்டினார். பழைய ஹோஸோடு இன்னொன்றை இணைத்துப் பெட்டியைப் பற்றவைத்தபோது நீலம் இருபத்தொன்றுக்கு இறங்கியது, சுவாலையின் நுனி மஞ்சளானது. செம்புக் குழாயிலும் புது ரெகுலேட்டரிலும் இருபத்தெட்டில் நின்றது, நீலமாக எரிந்தது.

கடைசியாகச் சிலிண்டரை மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா பிளேன்ரீ கொண்டுவந்தா. ஐந்து நிமிடத்தில் நீலம் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. எனக்குக் கண்ணிலேயே படவில்லை, தம்பிக்குப் பட்டது. சவர்க்காரத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு மூட்டு மூட்டாகப் பூசினார். நான்காவது மூட்டில், மீன் கண் அளவில் ஒரு குமிழி. மெதுவாக ஊதி, உடைந்து, திரும்ப ஊதியது. கால் சுற்று இறுக்கினார், நின்றது. நீலமும் நின்றது.

பலகையை என்னிடமே விட்டுப் போனார். மாதம் முதலாம் தேதி நான் பிரஷும் சவர்க்காரமுமாக லைன் நெடுகப் போய் வருகிறேன். பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள், சரி. கடல் காற்றுக்கு எதுவும் தாங்காது. செம்பு பச்சையாகிறது, அது பரவாயில்லை, ஆனால் இரும்புக் கிளிப் ஆறு மாதத்தில் உதிர்கிறது. போன முதலாம் தேதி சிலிண்டர் முனையில் உள்ள சிறு ஹோஸின் கிளிப்பில் குமிழி வந்தது. துரு தின்றிருந்தது. வால்வை மூடிவிட்டுத் தம்பிக்குப் போன் அடித்தேன். மூதூரில் ஒரு வேலை, வியாழன்தான் வர முடியும் என்றார், வரும்போது துருப்பிடிக்காத கிளிப் நாலு கொண்டு வருவதாகவும் சொன்னார். அதுவரை கிடாரம் திரும்ப அடுப்பில் ஏறியது. அந்தத் தண்ணியிலதான் முழங்காலுக்குச் சுகம் என்கிறா அம்மா.